விரிந்தே ஆகவேண்டிய ரத்தக்குழாய்

முயலின் மூளையில் ஓடும் ரத்தக்குழாய்க்கு ஆய்வுக்கழகத்தின் தீர்மானம் தெரியாது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. நாற்பத்திரண்டு கைகள் உயர்ந்தன. செய்தித்தாளில் படம்கூட வந்தது. அப்படியும் குழாய் காதில் வாங்கிக்கொள்ளாமல் சுருங்கிக்கொண்டே இருந்தது.

அதை முதலில் பார்த்தவள் புருல்.

சோவியத் மலைநாட்டுக் குடியரசு ஒன்றின் தலைநகரான பிரூன்ஸேயில், ஓஷ் சந்தைக்கு நாலு பஸ் நிறுத்தம் தள்ளி இருந்தது அந்தக் கழகம். ரத்தத்துக்குப் பதிலாக உடம்பில் ஏற்ற அங்கே ஒரு திரவம் தயாரித்தார்கள். பிராணவாயுவைச் சுமந்துகொண்டு நரம்பு நரம்பாக ஓடவேண்டிய திரவம். பார்க்கப் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். கோப்பில் அதற்கு ஓர் எழுத்தும் மூன்று எண்களும் சேர்ந்த பெயர். மாடிப்படியில் எல்லாரும் அதைக் கிமிஸ் என்றுதான் சொன்னார்கள். குதிரைப்பாலைப் புளிக்கவைத்துக் குடிக்கிற ஊரில் வெள்ளையாக எது பாட்டிலில் இருந்தாலும் அது கிமிஸ்தான்.

கிமிஸ் ஏற்றிய முயலின் மண்டையோட்டில் சின்னதாக ஒரு கண்ணாடி ஜன்னல் பதித்திருப்பார்கள். அதன் வழியே நுண்ணோக்கியில் பார்த்து, மூளையின் மேல் ஓடும் குழாயின் அகலத்தை அளப்பது புருலின் வேலை. கண் வைக்கும் கண்ணாடியிலேயே மயிரிழை மயிரிழையாகக் கோடு போட்டிருக்கும். ஏற்றுவதற்கு முன் எத்தனை கோடு, ஏற்றிய பின் எத்தனை கோடு என்று எழுதினால் முடிந்தது. அவளுக்குப் பட்டம் கிடையாது. அப்பா சந்தையில் துணி விற்றவர். இழுத்து அளப்பது, தளர்த்தி அளப்பது, கட்டைவிரலைக் கோலுக்கு உள்ளே ஒளித்து அளப்பது என்று அளவில் உள்ள அத்தனை திருட்டையும் பத்து வயதுக்குள் பார்த்து முடித்தவள். அதனால்தானோ என்னவோ, நேராக அளப்பது ஒன்றுதான் அவளுக்குப் புதுசாகவும் பிடித்ததாகவும் இருந்தது.

கழகத்தின் வெள்ளிவிழா வருகிறது. பக்கத்துக் குடியரசில் இதே போன்ற ஒரு கழகம், தங்கள் திரவம் மூளைக் குழாய்களைப் பத்து சதவீதம் விரிக்கும் என்று உறுதிமொழி எடுத்துவிட்டது. இங்கே இயக்குநர் கல்மூர்சா தைரோவிச் ஓர் இரவு முழுக்க யோசித்து, நாம் பன்னிரண்டு சதவீதம் விரிப்போம் என்று அறிவித்தார். கைகள் உயர்ந்தது அப்போதுதான்.

புருல் தன் நோட்டை எடுத்துக்கொண்டு அறிவியல் செயலாளர் ஸினைதா கார்ப்போவ்னாவின் அறைக்குப் போனாள். ஸினைதா நல்ல மனுஷி. யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் கேக் செய்துகொண்டு வருவாள். வேலையில் மட்டும் கல்.

"எத்தனை வந்துச்சு?"

"முன்னாடி நாற்பது. பின்னாடி முப்பத்தொண்ணு."

"சரி."

"சுருங்கிடுச்சும்மா."

"யாரு சொன்னா?"

"நான்தான் பார்த்தேன்."

"பார்த்தே, சரி. சுருங்கிடுச்சுன்னு யாரு சொன்னா?" ஸினைதா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "இங்க பாரு புருல். நாற்பதுங்கறது ஒரு எண். முப்பத்தொண்ணும் ஒரு எண். எண் எழுதத்தான் உன்னை வெச்சிருக்கோம், தாராளமா எழுது. சுருங்கிடுச்சுங்கறது முடிவு. முடிவு சொல்றதுக்கு டாக்டர் பட்டம் வேணும்."

"நாற்பதைவிட முப்பத்தொண்ணு கம்மிதானேம்மா?"

"கம்மிங்கறதும் முடிவுதான்."

புருல் நோட்டை மூடினாள். சந்தையில் இந்தப் பேச்சைப் பேசியிருந்தால் அப்பாவை மீட்டர்கோலாலேயே அடித்திருப்பார்கள்.

ஆனாலும் கழகம் விஷயத்தை அலட்சியம் செய்தது என்று சொல்லக்கூடாது. எட்டு முயல்கள் வரிசையாகச் சுருங்கியதும் விசாரணைக் குழு போட்டார்கள். குழு மூன்று வாரம் உட்கார்ந்து, பழி முயல்மேல்தான் என்று கண்டுபிடித்தது. முயல்கள் வந்த கூட்டுப்பண்ணை இரண்டு வருஷமாக இலக்கை எட்டாத பண்ணையாம். பின்தங்கிய பண்ணையின் முயலுக்குக் குழாய் எப்படி விரியும்? கொடி வாங்கிய முன்னணிப் பண்ணையிலிருந்து புது முயல்கள் வந்தன. அவை முன்னணி என்பதால் இன்னும் வேகமாகச் சுருங்கின. பிறகு முயல்களுக்கு மனக்கலக்கம் என்றார்கள். கூண்டறைக்குப் பச்சை வர்ணம் அடித்தார்கள். வானொலி வைத்தார்கள். பிரச்சாரப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து, கூண்டறை ஊழியர்களுக்கு நம்பிக்கை குறித்து ஒன்றரை மணிநேரம் பேசினார். முயல்களும் கேட்டன.

இத்தனை முயல்களில் பதினேழாம் எண் முயல் மட்டும் விரிந்தது.

அன்றைக்கு நடந்தது இதுதான். மயக்கத்தில் கிடந்த முயலின் மூச்சுக்குழலில் செருகியிருந்த ரப்பர் குழாய் நழுவிவிட்டது. காற்று போகவில்லை. மூச்சு முட்டினால் மூளை, எங்கிருந்தாவது ரத்தம் வரட்டும் என்று எல்லாக் கதவையும் திறந்து போடும். நாற்பதிலிருந்து முப்பத்திரண்டுக்குச் சுருங்கியிருந்த ரத்தக்குழாய் மறுபடி நாற்பதானது, நாற்பத்தைந்தானது. புருல் நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுத்து ரப்பர் குழாயைத் தேடிய அந்த நேரத்தில் கல்மூர்சா தைரோவிச் வெளியூர் விருந்தினர் இருவரோடு உள்ளே வந்தார். நேராக வந்து கண்ணை வைத்தார்.

"விரியுது" என்றார்.

"ஐயா, குழாய் கழண்டுடுச்சு, அது செத்துக்கிட்டிருக்கு."

"தொடாதே. விரியுதுங்கறேன்ல."

"ஐயா, மூச்சுக்குழாய்..."

"ஐம்பத்திரண்டு!" என்றார் இயக்குநர். விருந்தினர்களும் ஒருவர் பின் ஒருவராகக் கண்ணை வைத்து, ஆமாம், ஐம்பத்திரண்டு என்றார்கள். நாலாவது நிமிஷத்தில் முயல் செத்தது. யாரும் கவனிக்கவில்லை. கை குலுக்கிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் கழகத்தின் சபையில் புருல் கை தூக்கினாள். அவளுக்குப் பேச உரிமையில்லை. கேள்வி கேட்க உரிமை இருந்தது. அதனால் கேள்வியாகவே கேட்டாள்.

"அந்த முயல் செத்துப்போச்சுங்களே?"

கல்மூர்சா தைரோவிச் பிள்ளையிடம் சிரிக்கிற தகப்பன் மாதிரி சிரித்தார். அவர் பேச்சை அப்படியே தருவதுதான் நியாயம்.

"தோழர்களே, நம் பணியாளர் அக்கறையோடு கேட்டிருக்கிறார். பாராட்டுகிறேன். ஆனால் அறிவியலில் துறைப்பிரிவு என்று ஒன்று இருக்கிறது. இறப்பு என்பது நோயியல் துறையின் விஷயம். அவர்கள் அதைப் பற்றி நல்ல கட்டுரைகள் எழுதுகிறார்கள். நம் துறை குழாய். குழாயைப் பொறுத்தவரை அந்த முயல் தன் கடமையை நிறைவேற்றியது. முப்பது சதவீதம். உறுதிமொழியைப் போல இரண்டரை மடங்கு! சுருங்கிய முயல்கள் எல்லாம் இன்னும் உயிரோடுதான் இருக்கின்றன. அவற்றால் நமக்கு என்ன பயன் வந்தது? யோசித்துப் பாருங்கள்."

எல்லாரும் யோசித்துப் பார்த்தார்கள். கை தட்டினார்கள். அந்த வாரமே கௌரவப் பலகையில் மூன்று பணியாளர்களின் படத்துக்குப் பக்கத்தில் பதினேழாம் முயலின் படமும் ஏறியது. காது நீளம் என்பதால் சட்டத்தைக் கொஞ்சம் பெரிசாகச் செய்யவேண்டியிருந்தது.

இதுவரை புருலுக்கு எரிச்சல்தான் இருந்தது. பயம் வந்தது அக்டோபரில், அண்ணன் ஷேர்மாமத்தைப் பார்க்கக் கழகத்தின் மருத்துவமனைக்குப் போனபோது.

ஷேர்மாமத் சந்தையில் உலர்ந்த பழம் விற்பவன். பத்து வருஷமாக வயிற்றுப்புண். இப்போது அறுத்துத்தான் ஆகவேண்டும் என்று படுக்கவைத்திருந்தார்கள். வெளுத்துப்போய்க் கிடந்தாலும் வாய் மட்டும் வெளுக்கவில்லை.

"வா தங்கச்சி. உக்காரு. ரெண்டு ரூம் வீடு வருது."

"என்ன வீடு?"

"அறுக்கும்போது ரத்தம் போகும்ல, அதுக்குப் பதிலா உங்க பாலை ஏத்திக்கறேன்னு கையெழுத்து போட்டா, சர்க்கார் வீட்டு வரிசையில முன்னாடி தூக்கி வெக்கறாங்களாம். உங்க ஸினைதா வந்து சொல்லிட்டுப் போனா. கேக்கெல்லாம் குடுத்தா."

புருலுக்கு அண்ணன் வீடு கண்முன் வந்தது. ஒற்றை அறையில் நாலு பிள்ளைகள், மாமியார், சுவரோரம் பழ மூட்டைகள். அண்ணி சமைக்கும்போது யாராவது ஒருத்தர் வெளியே போய் நிற்கவேண்டும். இரண்டு அறை என்றால் அது அவர்களுக்கு என்ன என்று அவளுக்கும் தெரியும்.

"போட்டுட்டியாண்ணே?"

"நாளைக்கு மாஸ்கோலேர்ந்து பெரிய ஆளு வராராம். அவர் முன்னாடி போடணுமாம். போட்டோ எடுப்பாங்க. உன் அண்ணி என் நல்ல சட்டைக்குப் பெட்டி போட்டுட்டிருக்கா."

"அண்ணே, நான் சொல்றதைக் கேளு. நாற்பது இருந்தது முப்பத்தொண்ணாகுது."

"எது?"

"மூளைக்குள்ள குழாய். அந்தப் பால்ல பிராணவாயு எக்கச்சக்கமா வருது. கடை வாசல்ல கூட்டம் நெரிஞ்சா நீ என்ன பண்ணுவே? ஷட்டரைப் பாதி இறக்கிடுவேல்ல? குழாயும் அதைத்தான் பண்ணுது. முயலுக்கு அரைமணி தாங்குது. உனக்கு அறுக்க நாலு மணிநேரம் ஆகும். ஷட்டர் முழுசா இறங்கிடுச்சுன்னா? ஒரு பக்கம் கை வராது. பேச்சு வராது."

"விரியுதுன்னு போர்டுல முயல் படமே இருக்காமே."

"அது சாகறப்ப விரிஞ்சதுண்ணே."

பக்கத்துக் கட்டில்காரன் ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தான். "பேச்சு வராதுன்னா எனக்கு வியாபாரம் போச்சு" என்றான் ஷேர்மாமத். "ஆனா நீ சொன்னா யாரு கேப்பா? உனக்குப் பட்டமும் கிடையாது, தொந்தியும் கிடையாது."

"போடமாட்டேன்னு சொல்லிடு."

"சொன்னா வீடு போகும், அறுக்கற தேதியும் போகும். மாட்டேன்னு சொல்றவன் நல்ல வியாபாரியே இல்ல, புருல். வாங்கறேன்னு சொல்லிட்டுத்தான் பேரம் ஆரம்பிக்கணும். இதுல விக்கறவன் யாரு, அதைச் சொல்லு."

"கல்மூர்சா தைரோவிச்."

"அப்ப அவருகிட்டயே பேசிக்கறேன். நீ போய்த் தூங்கு."

அவள் தூங்கவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு அந்த அறையில் நிற்க இடமில்லை. மாஸ்கோவிலிருந்து வந்த துணையமைச்சர், செய்தித்தாள்காரர்கள், பூங்கொத்தோடு ஸினைதா, வெள்ளைக் கோட்டில் அறுவை மருத்துவர் ஹைதரோவ். தள்ளுவண்டியில் வெள்ளைத்துணி விரித்து, அதன்மேல் வெள்ளைத் திரவம் நிரம்பிய பாட்டில்கள். புருல் கதவோரம் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தாள். இயக்குநர் மனிதகுலத்தைப் பற்றி இருபது நிமிஷம் பேசிவிட்டுப் பேனாவை நீட்டினார்.

ஷேர்மாமத் பேனாவை வாங்கிக்கொண்டான். இஸ்திரி போட்ட சட்டையில் மாப்பிள்ளை மாதிரி இருந்தான்.

"போடறேங்க. சந்தோஷமா போடறேன். ஒரு சின்ன வழக்கம் மட்டும் பாக்கியிருக்கு" என்றான், துணையமைச்சரைப் பார்த்து. "எங்க சந்தையில கிமிஸ் விக்கறவ கிண்ணத்துல ஊத்தி, முதல்ல தான் ஒரு வாய் குடிச்சுக் காட்டுவா. அப்புறம்தான் நம்மகிட்ட நீட்டுவா. குடிக்காம நீட்டினா வாங்கறவன் கையால தொடமாட்டான். எங்க தாத்தா காலத்துலேர்ந்து அப்படித்தான். இயக்குநர் ஐயா ஒரு சின்னப் பாட்டில் ஏத்திக்கிட்டாருன்னா, மிச்சத்தை நான் ஏத்திக்கறேன்."

ஹைதரோவ் தன் செருப்பைப் பார்த்தார்.

துணையமைச்சர்தான் முதலில் சிரித்தார். மலைநாட்டு மக்களின் பழக்கவழக்கங்களைப் பேணுவது குறித்து அவர் அந்த மாதம்தான் ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருந்தார். "எவ்வளவு அழகான வழக்கம்! இதை மதிக்கத்தான் வேணும், கல்மூர்சா தைரோவிச். போட்டோக்காரரே, இதையும் எடுங்க."

இயக்குநரின் முகத்தில் சிரிப்பு அப்படியே மாட்டிக்கொண்டது. "கட்டாயம்" என்றார். "ஆனா தனி மனுஷனா நான் மட்டும் முந்திக்கிட்டா அது சுயநலம். கூட்டாத்தான் செய்யணும்."

பதினோரு பேர் கொண்ட முன்னோட்டக் குழு அங்கேயே அமைக்கப்பட்டது. தலைவர், இயக்குநர். உறுப்பினர்கள், துணை இயக்குநர்கள், துறைத் தலைவர்கள். கடைசிப் பெயர் ஸினைதா கார்ப்போவ்னா. நாள், வருகிற புதன். துணையமைச்சர் கைதட்டிவிட்டு விமானத்துக்குப் போனார். அறுவைச் சிகிச்சை நிற்க முடியாது என்று ஹைதரோவ் முணுமுணுத்து, சாயங்காலமே ஷேர்மாமத்தை உள்ளே கொண்டுபோய்ச் சாதாரண மனித ரத்தம் ஏற்றி அறுத்துத் தைத்துவிட்டார். எந்தக் குழுவும் அதற்குத் தீர்மானம் போடவில்லை என்பதால் அது ஒழுங்காக நடந்தது.

புதன்கிழமை வந்தது. குழு வரவில்லை. மருத்துவச் சான்றிதழ்கள் வந்தன. பதினோரு சான்றிதழ், ஒரே மருத்துவரின் கையெழுத்து, ஒரே மையில். ஸினைதா அவற்றைக் கோப்பில் அடுக்கும்போது, பஞ்சு கேட்டு வந்த புருல் மேலே இருந்ததைப் படித்துவிட்டாள். 'இவருக்கு மூளை ரத்தக்குழாய்ச் சுருக்கம் உள்ளது. மேற்படி திரவத்தை ஏற்றினால் குழாய்கள் மேலும் சுருங்கி உயிருக்கு ஆபத்து நேரும். எனவே விலக்கு அளிக்கலாம்.' அடுத்ததிலும் அதேதான். பெயர் மட்டும் வேறு.

"இதுலயே எழுதியிருக்கேம்மா, சுருங்கும்னு."

"அதை வெச்சிடு."

"பதினோரு பேரும் பட்டம் வாங்கினவங்க. முடிவு சொல்லலாம்ல?"

"அது அவங்கவங்க சொந்த உடம்பு, புருல். இது விஞ்ஞானம். ரெண்டையும் போட்டுக் குழப்பாதே." ஸினைதா கோப்பின் நாடாவைக் கட்டினாள். முடிச்சு விழவில்லை. மறுபடி கட்டினாள். பதினோராவது சான்றிதழ் அவளுடையது. "எனக்கு நிஜமாவே தலைவலி உண்டு" என்றாள், யாரும் கேட்காமலே.

வீட்டு வரிசையில் ஷேர்மாமத் முன்னூற்றுப் பன்னிரண்டாவது இடத்துக்குப் போனான். தையல் பிரித்த அன்று படுக்கையில் உட்கார்ந்து சூப் குடித்தபடி, "தலை தங்குச்சு, அதை வெக்க வீடுதான் இல்ல" என்றான். புருல் சிரித்தாள். பல நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு. விஷயம் முடிந்தது என்று நினைத்தாள். ஒரு கழகம் எழுத்தில் போட்ட உறுதிமொழியைப் பற்றி அவளுக்கு அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

வெள்ளிவிழாவுக்கு மூன்று வாரம் இருந்தது. அதற்குள் திரவம் ஏற்றிக் காட்டவேண்டிய முதல் மனிதன் இன்னும் கிடைக்கவில்லை. சபை கூடியது. இந்த முறை புருலையும் சாட்சியாக அழைத்தார்கள். அவள் எழுந்து, நாற்பது, முப்பத்தொண்ணு என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள். 'தோழர் புருல் இரண்டு எண்களைக் கூறினார். சபை அவற்றை நன்றியுடன் பெற்றுக்கொண்டது' என்று குறிப்பேட்டில் ஏறியது. பிறகு கல்மூர்சா தைரோவிச் எழுந்தார்.

"தோழர்களே, ஒளிவுமறைவின்றிப் பேசுவோம். நாம் ஒரு தவறு செய்துவிட்டோம். திரவத்தில் குறையில்லை. குழாயில் குறையில்லை. அறுவை அறையில் குறையில்லை. பிறகு எங்கே தவறினோம்? நோயாளியைத் தேர்ந்தெடுத்ததில் தவறினோம். அவர் பேசினார். முயல்கள் பேசியதுண்டா? இல்லை. அதனால்தான் முயல்களோடு நம் ஒத்துழைப்பு இத்தனை ஆண்டுகள் சிறப்பாக இருந்தது. பேசுகிற நிலையில் உள்ள ஒருவரிடம் போய் நாம் ஒப்புதல் கேட்டோம். கேட்டால் அவர் பதில் சொல்லத்தானே செய்வார்? இதிலிருந்து பாடம் கற்போம்."

கைகள் உயர்ந்தன. நாற்பத்திரண்டு.

உத்தரவு மறுநாள் காலை அறிவிப்புப் பலகையில் இருந்தது. திரவம் ஏற்றப்படும் முதல் நபர், அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரப்படுபவராகவும், உறவினர் எவரும் உடன் இல்லாதவராகவும், வந்து சேரும்போது பேசும் நிலையில் இல்லாதவராகவும் இருக்கவேண்டும். பேசினால் தகுதியிழப்பார். பேசினாரா இல்லையா என்பதைப் பணி மருத்துவர் படிவத்தில் பதிவு செய்யவேண்டும்.

புருல் அதை இரண்டு தரம் படித்தாள். பிறகு போய் நுண்ணோக்கிக்கு உறை போட்டாள்.

முதல் ஆம்புலன்ஸ் வண்டி அன்று பகல் பதினொன்றரைக்கே வந்தது. அவள் படியில் இறங்கி ஓடும்போது சக்கரப்படுக்கையை இறக்கி உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்கள். கட்டட வேலை இடத்தில் சாரத்திலிருந்து விழுந்தவன். முப்பது வயது இருக்கும். நெற்றியிலும் காதிலும் சுண்ணாம்பு, கால் பக்கம் துணியெல்லாம் ரத்தம், கண் மூடியிருந்தது. கூட யாருமில்லை. தாழ்வாரத்தின் கோடியில் ஹைதரோவ் நின்றிருந்தார். அவர் பக்கத்தில் தள்ளுவண்டி, அதன்மேல் பாட்டில். கையில் படிவம்.

புருல் படுக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினாள்.

"தம்பி. தம்பி, பேசு. உன் பேரென்ன?"

சக்கரம் கீச்சிட்டது.

"பேரு வேணாம். எந்த ஊரு? அம்மா பேரு சொல்லு. என்னைத் திட்டு. எதையாவது சொல்லுடா."

தாழ்வாரம் அவ்வளவு நீளமில்லை. அவள் குனிந்து அவன் சுண்ணாம்புக் கன்னத்தைத் தட்டினாள். இன்னொரு தரம், கொஞ்சம் பலமாக. உதடு அசைந்தது. பிறகு வெகுதூரத்திலிருந்து வருவது போல ஒரு குரல்.

"என் இன்னொரு பூட்ஸ் எங்க?"

புருல் நிமிர்ந்தாள். "பேசிட்டாரு டாக்டர். பூட்ஸ் கேட்டாரு. எழுதிக்குங்க."

ஹைதரோவ் அவளைப் பார்த்தார். படிவத்தைப் பார்த்தார். பேனாவின் மூடியைக் கழற்றி, நின்றபடியே, நிதானமாக எழுதினார். "ரத்தம் கொண்டு வாங்க, சிவப்பு ரத்தம்" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டுப் படுக்கையைத் தள்ளிக்கொண்டு போனார். பாட்டிலை யாரும் எடுத்து வைக்கவில்லை. தள்ளுவண்டி சுவரோரம் அப்படியே நின்றது.

புருல் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். வெளியே, வாசலில், அடுத்த வண்டி உள்ளே திரும்பிக்கொண்டிருந்தது.